காற்று வாங்கப் போகிற வேலை

ஏற்காட்டுக்கு ஊரெல்லாம் காற்று வாங்க வரும். அந்த ஏற்காட்டிலேயே பிறந்த ஒரு பையன், காற்றை நம்பி வெளிநாட்டுக்குப் போகப் பார்க்கிறான் என்றபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆடி மாதத்து மாலை. ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில் நின்றிருந்தோம். மூட்டம் இறங்கி எதிர்க்கரை மறைந்துபோயிருந்தது. மிதிபடகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் போனை நீட்டினான். நீலத் தண்ணீர், வில்லாக வளைந்த பெரிய பட்டம், காலில் பலகையோடு தண்ணீரை விட்டு இரண்டாள் உயரம் எழும்பி இறங்கும் ஒருவர்.

“இதைச் சொல்லிக் கொடுக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்களாம் சார். சீசனுக்கு ஒரு நாடாம். எகிப்து, பிரேசில், வியட்நாம்... நம்மளால போக முடியுமா?”

“நீச்சல் தெரியுமா?”

பஜ்ஜியைப் பிட்டபடி ஏரியைப் பார்த்தான். “இதுல யாரு சார் நம்மள இறங்க விடுறா?”

அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆனால் கேள்வி நிற்கவில்லை. பிறகு தேடிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை அவனுக்குச் சொல்கிற சாக்கில் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் நாலு பேர் மலையில் இருப்பார்கள்.

கைட்போர்டிங் என்பது பார்க்கத்தான் புதுசு. உள்ளே இருப்பது நம் பட்டம்தான். தையிலே யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, காற்று ஒரு காகிதத்தை எவ்வளவு பலமாக இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுப்பை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையைக் கட்டித் தண்ணீரில் ஓடுவதுதான் இந்த விளையாட்டு. சிக்கல் ஒன்றே ஒன்று: பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து படுத்துவிடும், திரும்ப ஏறாது. பிரான்ஸின் பிரித்தானி கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகென்யூ என்ற சகோதரர்கள் 1984இல் இதற்கு வழி கண்டு காப்புரிமை பதிந்தார்கள். பட்டத்தின் முன்விளிம்பிலும் விலா எலும்புகள் போன்ற குறுக்குச் சட்டங்களிலும் சைக்கிள் டியூப் மாதிரி காற்றை அடைத்துவிட்டார்கள். விழுந்தாலும் மிதக்கும், கயிற்றை இழுத்தால் மறுபடி ஏறும். 1990களின் பிற்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது. அங்கிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மார்செய் கடலில் நடந்த அந்தப் போட்டியில் சிங்கப்பூருக்காக வெண்கலம் வாங்கிய மேக்ஸ் மேடருக்கு அப்போது 17 வயது. அங்கேயும் காற்று வராமல் பந்தயங்கள் தள்ளிப்போனது வேறு கதை. ஒலிம்பிக் என்றாலும் காற்று யாருக்கும் கட்டுப்படாது.

காற்று என்றால் எந்தக் காற்று? ஏற்காட்டில் இல்லாத காற்றா என்று நீங்கள் கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் பொட்டலில் நின்றால் துண்டு பறந்துவிடும். ஆனால் மலைக்காற்று முரட்டுக் காளை. சரிவில் மோதி, பள்ளத்தில் சுழன்று, சவுக்கும் சில்வர் ஓக்கும் கிழித்துப் போட்டபின் வருவது. ஒரு நொடி தள்ளும், அடுத்த நொடி காணாமல் போகும். காற்றாடிக்காரனுக்கு வேண்டியது அடங்கின காற்று. 12 நாட்டிலிருந்து 25 நாட் வரை, அதாவது மணிக்கு 22 கிலோமீட்டரிலிருந்து 46 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்கணக்காக ஒரே திசையிலிருந்து ஒரே சீராக வீச வேண்டும். தடை இல்லாமல் தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடி வருகிற காற்றுதான் அப்படி இருக்கும். ஏற்காடு ஏரியோ சின்னது. சுற்றிலும் மரம், மின்கம்பி, கட்டடம். இந்த மூன்றில் ஒன்று பக்கத்தில் இருந்தாலும் காற்றாடியை ஏற்றவே கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

ஆனால் ஆனி, ஆடியில் நம் மலையில் மூட்டத்தை இறக்குகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் தெற்கே மன்னார் வளைகுடாவிலும் அப்பால் இலங்கையின் கற்பிட்டியிலும் காற்றாடிகளை ஏற்றுகிறது. கடற்கரைக்காரர்கள் இதைக் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணப் பக்கம் சோழகம். பருவம் திரும்பினால் வாடை, கொண்டல். ஆங்கிலத்தில் திசைகாட்டிப் பெயரும் எண்ணும் சொல்கிற இடத்தில், நம் கரையில் காற்றுக்குப் பெயர் வைத்து அழைக்கிறார்கள். இந்தப் பெயர்கள் தெரிந்த கிழவர் ஒருவரோடு கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கைபேசிச் செயலி சொல்லாததும் தெரியவரும்.

ஆகவே, ஏற்காட்டுப் பையன் முதலில் போக வேண்டிய ஊர் எகிப்து இல்லை. ராமநாதபுரம்.

மதுரையைத் தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து பாம்பன் வரை நிலம் ஒரு விரல் மாதிரி கடலுக்குள் நீளுகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடிக்கிற மாதங்களில் தெற்குக் கரை, வாடைக்கு வடக்குக் கரை. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பருவமும் தொழில் பார்க்கலாம் என்கிற வசதி உலகத்தில் எல்லாக் கரைக்கும் கிடைத்துவிடாது. இங்கே ஜெஹான் டிரைவர் நடத்தும் குவெஸ்ட் பயிற்சி மையம் கைட்போர்டிங் கற்றுத் தருகிறது. அவர்களுடைய முகாம்களுக்குப் பெயரே காத்தாடி. தூத்துக்குடிப் பக்கம் அர்ஜுன் மோத்தாவின் அக்வா அவுட்பேக். பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டுக்கென ஒரு பயிற்சி மையம் அமைப்பதாக மாநில அரசும் அறிவித்திருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. காற்று இழுத்துப் போனது என்று சொல்லி அங்கே போய் இறங்கிவிட முடியாது.

முதல் நாள் வகுப்பு எப்படி இருக்கும்? தண்ணீரே கிடையாது. மணலில்தான். இரண்டு மூன்று சதுர மீட்டர் சின்னக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை ஆட்டிப் பழகி, காற்று எங்கிருந்து வருகிறது, காற்றாடியை எந்தப் பக்கம் வைத்தால் சும்மா நிற்கும், எந்தப் பக்கம் விட்டால் இழுக்கும் என்று உடம்புக்குப் புரியவைப்பார்கள். பிறகு பெரிய காற்றாடி. பம்ப் வைத்து அடிக்க வேண்டும். அடித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். அடித்தபின் காற்றில் பறந்துவிடாமல் மேலே மணலை அள்ளிப் போட்டு வைப்பார்கள். அப்புறம் கயிறு. இருபது மீட்டருக்கு மேல் நீளமான நான்கு கயிறுகளை ஒன்றோடொன்று சிக்காமல் மணலில் நடந்தே பிரித்து, கைப்பிடிக் கட்டையில் சிவப்பு முனை இடது கைக்கு வரும்படி கோக்க வேண்டும். மாற்றிக் கோத்துவிட்டால் காற்றாடி ஏறின மாத்திரத்தில் தலைகீழாகப் பாயும். இதில் அவசரப்படுகிறவனை நல்ல ஆசிரியர் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்.

கட்டையைக் கையில் பிடித்ததும் வருகிற முதல் தவறு எல்லோருக்கும் ஒன்றுதான். காற்றாடி பலமாக இழுக்கும், பயம் வரும், கை கட்டையை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாட்டுக் கயிற்றையும் பஸ் கம்பியையும் பிடித்துப் பழகின கை, வேறென்ன செய்யும்? ஆனால் இங்கே கட்டையை இழுத்தால் காற்றாடிக்கு இன்னும் காற்று கொடுத்தது மாதிரி. இன்னும் பலமாகத் தூக்கும். கட்டையை விட்டுவிட்டால் காற்றாடி சொரணையற்று ஓய்ந்துவிடும். அதனால்தான் வாத்தியார் பின்னால் நின்று, மாணவரின் இடுப்புப் பட்டைப் பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, காதருகே கத்திக்கொண்டே இருப்பார்: “விடு! விடு! கையை விடு!” அதற்கும் அடங்காவிட்டால் நெஞ்சுக்குக் கீழே ஒரு விடுவிப்பு விசை இருக்கிறது. அதைத் தள்ளினால் காற்றாடி ஒற்றைக் கயிற்றில் தொங்கி, பிசுபிசுத்துக் கீழே விழும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேடித் தள்ளப் பழக்குவார்கள், பத்து முறை, இருபது முறை.

இதைத்தான் நான் அந்தப் பையனிடம் சொல்ல நினைத்தேன். அவன் போனில் பார்த்தது பறக்கிறவனை. சம்பளம் வாங்குகிறவன் அந்த வீடியோவில் இல்லவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பயணியின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, “விடு, விடு” என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பயந்தவனைப் பொறுமையாகக் கையாளத் தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை. கைட்போர்டிங் சொல்லிக் கொடுக்க வெளிநாடு போவது என்றால், அது வாத்தியார் வேலைக்குப் போவது.

வாத்தியார் வேலை என்றதும் ஒன்று தோன்றுகிறது. சொல்லிக் கொடுப்பதற்காகக் கடல் தாண்டுவது ஏற்காட்டுக்குப் புதிதே இல்லை. இதுவரை அது எதிர்த் திசையில் நடந்தது, அவ்வளவுதான். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியை நடத்துகிற புனித கபிரியேல் சகோதரர்கள் சபை பிரான்ஸில் தோன்றியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை மலைக்குக் கொண்டுவந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். யாரோ எங்கிருந்தோ வந்து, இங்கே இல்லாத ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஊர் இது. இங்கிருந்து ஒருவன் அப்படிக் கிளம்பினால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

தகுதி விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் அதிகம் செல்லுபடியாகும் சான்றிதழ் ஐ.கே.ஓ. என்கிற சர்வதேச கைட்போர்டிங் அமைப்பினுடையது. 2001இல் தொடங்கியது. பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. முதலில் மாணவனாகப் படிப்படியாக ஏறி, யார் துணையும் இல்லாமல் கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் அளவுக்கு ஓட்டத் தெரிய வேண்டும். பிறகு உதவி ஆசிரியர், அதன்பின் ஆசிரியர் பயிற்சி. முதலுதவிச் சான்றிதழ் கட்டாயம். பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சியிலேயே பலர் பலகைமேல் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே ஆசிரியராகிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கடலில் ஒரு முழுப் பருவமாவது கிடந்து ஊறாமல் அந்த நிதானம் வராது. காசும் ஆகும். புதுக் காற்றாடி ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டும். சொந்தமாக வாங்குவதைவிட, ஒரு பயிற்சி மையத்தில் கயிறு சுற்றுகிற, காற்றாடி மடிக்கிற, கிழிசல் ஒட்டுகிற எடுபிடி வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொள்வது நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோதான வழி. கற்பிட்டியில் மீன்பிடிக் குடும்பத்துப் பையன்கள் பலர் அப்படிக் கரையில் உதவிக்கு நின்றுதான் ஆசிரியர்கள் ஆனார்கள்.

கற்பிட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் வடமேற்கில், புத்தளம் மாவட்டத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீளுகிற குடாநாடு. டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை இன்னும் நிற்கிறது. மே முதல் அக்டோபர் வரை கச்சான், டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை வாடை. களப்புத் தண்ணீர் தட்டையாகக் கிடப்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு அது பள்ளிக்கூட மைதானம் மாதிரி. ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து முகாம் போட்டு, ஊரே இன்றைக்குக் காற்றாடி ஊராகிவிட்டது. கடைத்தெருவில் தமிழ் பேசுகிற முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் கலந்து வாழும் இடம். ஸ்பெயினின் தரிஃபாவுக்கோ பிரேசிலின் கும்புக்கோவுக்கோ போகிற தமிழ்ப் பையன் ஸ்பானிஷும் போர்த்துகீசும் தெரியாமல் திணறுவான். கற்பிட்டியில் டீக்கடையில் நின்று கடன் சொல்கிற அளவுக்குப் பேசலாம். வெளிநாடு என்பதற்கு முதல் படியாக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக, சுற்றுலா விசாவில் போய் இறங்கி வகுப்பெடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. இலங்கையானாலும் எகிப்தானாலும் சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது சட்டவிரோதம். கடற்கரையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். பிடிபடும்போது எல்லோரும் வரமாட்டார்கள். அழைக்கிற பள்ளி வேலை விசா எடுத்துத் தருமா, விபத்துக் காப்பீடு உண்டா, காற்று இல்லாத நாட்களுக்கு என்ன தரும் என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பல இடங்களில் வகுப்பு எடுத்த மணி நேரத்துக்குத்தான் பணம். காற்று படுத்துவிட்டால் ஒரு வாரம் படுத்துவிடும். சாப்பாட்டுச் செலவு படுக்காது. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் கை நிறையவும் மற்ற மாதங்களில் கையைப் பிசைந்தும் வாழ்கிறவர்களை மலையில் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாத கணக்கில்லை. பிரேசிலில் ஜூலையிலிருந்து ஜனவரி, வியட்நாமின் முய்நேயில் நவம்பரிலிருந்து மார்ச், கேப் டவுனில் அதே மாதங்கள். காற்றின் பின்னால் போகிற பருவக் கூலிதான் இதுவும். கடற்கரை அழகாக இருப்பதால் கூலி கூலி இல்லையென்று ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. இடைத்தரகர். மலைக்காரர்களுக்கு இந்த வார்த்தை பழக்கமானது, கசப்பாகப் பழக்கமானது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போனவர்கள் இருந்தார்கள். கூலி வேலை இருக்கிறது என்று சொல்லி மலையிலிருந்து ஆட்களைத் திரட்டிப் போகிற தரகர்களைப் பற்றி அப்போது நாடே பேசியது, பிறகு மறந்தது. 2022இல் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்டு அழைத்துவர வேண்டியிருந்தது. கைட்போர்டிங் ஆசிரியர் வேலைக்குத் தரகரே தேவையில்லை. பள்ளிகள் சான்றிதழைப் பார்த்து நேராகவே ஆள் எடுக்கின்றன. இடையில் ஒருவர் புகுந்து முன்பணம் கேட்டால், அங்கேயே நின்றுவிடலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற நிறுவனம் எதுவானாலும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது. விசாரிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இத்தனையும் சொன்னபிறகு, போக வேண்டாம் என்று நான் சொல்வதாக அந்தப் பையன் நினைத்துவிடக் கூடாது. போக வேண்டும். ஒரு பருவம் பாக் நீரிணை, ஒரு பருவம் கற்பிட்டி, பிறகு உலகம். அந்த வரிசையில் போனால் கையில் தொழில் இருக்கும். வரிசை மாறிப் போனால் கையில் போன் மட்டும்தான் இருக்கும். திரும்பி வந்து ராமநாதபுரத்துக் கரையில் தமிழிலேயே “விடு, விடு” என்று கத்துகிற வாத்தியாரானால் இன்னும் நல்லது. நம் மாநிலத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அதில் விளையாடுகிறவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் மலை வீட்டுப் பிள்ளைகளும் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்பது என் அபிப்பிராயம். தவறாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

நீச்சலுக்குத் திரும்புகிறேன். காற்றாடி கையை விட்டுப் போய், பலகையும் போய், கரை முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும்போது உதவுவது அது ஒன்றுதான். ஏரியைச் சுற்றி வளர்ந்தும் தண்ணீரில் கால் நனைக்காத தலைமுறை நம் மலையில் இருக்கிறது. மே மாதம் கோடை விழாவில் படகுப் போட்டி நடக்கிறது, மலர்க் கண்காட்சி நடக்கிறது, நாய்க் கண்காட்சிகூட நடக்கிறது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் முகாமையும் சேர்த்து நடத்த மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. பள்ளிகளும் மனசு வைக்கலாம்.

அதுவரை, தம்பி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அங்கே நீச்சல் குளம் இருக்கிறது. ஆறு மாதம் போய் வா. ராமநாதபுரத்துக்கு மதுரை வழியாக ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். மார்கழியில் வாடை எழும்பும்போது அங்கே இரு.